வண்டிக்குள் ஒரு சமதளம்

திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவு என்றால் நடக்கிறவர்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். 14 கிலோமீட்டர், எட்டு லிங்கங்கள், வெறுங்கால், வழியெல்லாம் சுக்கு காபி. நடக்காதவர்களும் அன்றைக்கு அந்த ஊரில் ஏராளம் பேர் உண்டு. நடப்பவர்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, அவர்கள் மலையைச் சுற்றி முடித்துத் திரும்பும்வரை காத்திருக்கும் ஓட்டுநர்கள். செங்கம் சாலை, வேட்டவலம் சாலை, அவலூர்ப்பேட்டை சாலை, திருக்கோவிலூர் சாலை என்று ஊருக்குள் வரும் வழிகளில் போலீஸ் காட்டும் காலி நிலத்தில் வண்டியை நிறுத்துவார்கள். சீட்டைப் பின்னால் சாய்த்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பார்கள். தூங்குகிறார்கள் என்று சொல்ல முடியாது. படுத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

அப்படிப் படுத்திருந்தவர்களில் ஒருவர் செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. சொந்தமாக ஒரு பழைய இன்னோவா வைத்திருக்கிறார், 2005-ல் இந்தியாவுக்கு வந்து 2016-ல் கிரிஸ்டாவுக்கு வழிவிட்ட அந்த முதல் மாடல். பெரும்பாலான பௌர்ணமிகளுக்கு ஏதாவது ஒரு குடும்பம் அவரைக் கூப்பிட்டுவிடும். மதியம் கிளம்பி, திண்டிவனம், செஞ்சி வழியாகச் சாயங்காலம் போய்ச் சேர வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு அவர்கள் நடக்கத் தொடங்குவார்கள். ஒன்றரை, இரண்டு மணிக்குத் திரும்பி வந்து, "கெளம்பலாமாண்ணா?" என்பார்கள்.

கிளம்பினால் அவர்கள் ஏழு பேரும் ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடுவார்கள். அவர்தான் தூங்கக்கூடாது.

ஒரு தை மாதப் பௌர்ணமியில், செஞ்சியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், இடது பக்கச் சக்கரங்கள் தாரை விட்டு இறங்கிச் சரளைக் கல்லில் ஓடும் சத்தம் கேட்டுத்தான் அவர் கண்ணைத் திறந்தார். கண் மூடியதே அவருக்குத் தெரியாது. ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்பி வண்டியை ரோட்டில் ஏற்றினார். பின்னால் யாரும் எழுந்திருக்கவில்லை. அடுத்த டீக்கடையில் நிறுத்தி முகம் கழுவினார். என்ன நடந்தது என்று அந்தக் குடும்பத்துக்கு இன்றுவரை தெரியாது.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகும். மூன்று நொடி கண்ணசந்தால் 66 மீட்டர், கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவது போல. 2023 அக்டோபரில் திருவண்ணாமலைக்கு மறுபக்கம், செங்கம் அருகே, சில நாள் இடைவெளியில் இரண்டு பெரிய விபத்துகள் நடந்தன. இரண்டிலும் சேர்த்துப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவற்றின் காரணம் எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் அந்தச் செய்தியைப் படித்தபோது இவருக்குக் காதில் கேட்டது சரளைக் கல் சத்தம்தான்.

சட்டம் இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, நடுவில் ஓய்வு தர வேண்டும் என்றது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கு மட்டும்! சொந்த வண்டியைத் தானே ஓட்டுகிறவருக்கு முதலாளியும் அவர்தான், தொழிலாளியும் அவர்தான். யார் யாருக்கு ஓய்வு தருவது? (2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் அந்தப் பழைய சட்டம் போய்விட்டது.) 2023-ல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தி, தங்கும் விடுதிகள் விருந்தினர்களின் ஓட்டுநர்களுக்கும் படுக்க இடமும் கழிப்பறையும் தர வேண்டும் என்று சொன்னது. உண்மையிலேயே நல்ல விஷயம். ஆனால் கிரிவலத்துக்கு வருகிற குடும்பம் விடுதியிலா தங்குகிறது? வண்டியிலிருந்து இறங்குகிறது, நடக்கிறது, திரும்ப வந்து வண்டியில் ஏறுகிறது. ஆக, அந்த ராத்திரிக்கு ஓட்டுநரின் விடுதி அவருடைய வண்டிதான்.

சரி, வண்டிக்குள்ளேயே ஒழுங்காகப் படுக்க முடியுமா என்று பார்த்தார்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. பெரிய வண்டி என்றால் உள்ளே கட்டில் போடலாம் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களின் நினைப்பு. சீட்டு என்பது உட்காருவதற்காகச் செய்த சாமான். தொடைக்குக் கீழே உயர்ந்து, இடுப்புக்குக் கீழே பள்ளமாகி, முதுகுக்குப் பக்கவாட்டில் மேடு வைத்திருப்பார்கள், வளைவுகளில் ஆள் சரியாமல் இருக்க. அதே வளைவு படுக்கும்போது எதிரியாகிவிடும். டிரைவர் சீட்டை முழுசாகச் சாய்த்தாலும் இடுப்பு தொங்கும், கால் பெடலுக்குக் கீழே போய் நிற்கும். இப்படிப் படுத்துத்தான் அவர் பல வருஷம் ஓட்டியிருக்கிறார். அடுத்து, நடு வரிசையைச் சாய்த்துக் கடைசி வரிசையோடு சேர்த்துப் பார்த்தார். தூரத்திலிருந்து பார்த்தால் மெத்தை மாதிரிதான் இருந்தது. படுத்தால் முதுகில் ஒரு மேடு, இடுப்பில் ஒரு இடைவெளி, விலாவில் சீட் பெல்ட்டின் கொக்கி.

மூன்றாவதாக, கடைசி வரிசை இரண்டு சீட்டுகளையும் மடித்துப் பக்கத்துக்கு ஒன்றாகத் தூக்கிக் கட்டினார். நடு வரிசையை முன்னால் தள்ளிக் கவிழ்த்தார். இப்போது தரை தெரிந்தது. தரை கிடைத்துவிட்டது என்று ஒரு பாயை விரித்துப் படுத்தவர் பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டார். தரையென்று நினைத்தது தரையே இல்லை. சீட்டுகளைப் பிடித்துக்கொள்ளும் இரும்புக் கொக்கிகள், தண்டவாளங்கள், கார்ப்பெட்டுக்கு அடியில் போல்ட்டுகள், பின்கதவை நோக்கி ஏறும் ஒரு படி... கண்ணுக்கு அரை அங்குலமாகத் தெரிவது முதுகெலும்புக்கு அரை அடி.

அவர் வழக்கமாக நிறுத்தும் நிலத்துக்குப் பக்கத்தில் ஒரு தச்சுப் பட்டறை உண்டு. அந்த மாதம் சாயங்காலம் நேராக அங்கே போய் நின்றார்.

"அண்ணா, வண்டிக்குள்ள ஒரு பலகை போடணும்."

"சீட்டைக் கழட்டிட்டுப் போட்டுடலாமா தம்பி?"

"கழட்டக்கூடாதுண்ணா. போறப்பவும் வர்றப்பவும் ஏழு பேர் உக்காரணும். நடுவுல நாலு மணி நேரம் நான் படுக்கணும்."

தச்சர் சிரித்துவிட்டார். "அப்போ நீ கட்டில் கேக்கல. காணாமப் போற கட்டில் கேக்கற."

விஷயமே அதுதான். சமதளம் செய்வது பெரிய வேலையில்லை. வேலை முடிந்ததும் அந்தச் சமதளம் எங்கே போகும் என்பதுதான் கேள்வி. சீட்டைக் கழற்றி வீசிவிட்டால் எல்லாம் சுலபம். ஆனால் அது சட்டப்படி சிக்கல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. அதே வருஷம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்று வைத்துவிட்டார்கள். ஆகவே வண்டியில் ஒரு துளைகூடப் போடாமல், ஒரு திருகுகூட முடுக்காமல் செய்ய வேண்டும். உள்ளே வைத்தால் படுக்கை, எடுத்து வைத்தால் சாமான்.

தச்சர் டேப்பை எடுப்பதற்கு முன்னால் ரசமட்டத்தை எடுத்தார். முதலில் நிலத்தில் வைத்துப் பார்த்தார். நிலமே சாய்வு. "மொதல்ல வண்டிய நேரா நிறுத்து. இல்லேன்னா நான் உன் வண்டிக்குப் பலகை செய்ய மாட்டேன், இந்தக் கொல்லைக்குச் செஞ்சு குடுப்பேன்" என்றார். சமமான இடத்தில் நிறுத்திய பிறகு, தரையில் இருப்பதிலேயே உயரமான கொக்கி எது என்று தேடினார். பள்ளங்களை அளக்கவே இல்லை. எது மேடோ அதற்குக் கால் அங்குலம் மேலே பலகை நின்றால் போதும். மற்ற இடங்களில் கால் வைத்துத் தூக்கிக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் பழைய கூண்டு வண்டி ஞாபகத்துக்கு வராமல் இருக்காது. தீபத்துக்கு ஜனங்கள் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்த காலத்தில் (தீபத்தையொட்டி நடந்த மாட்டுச் சந்தைக்கும் சேர்த்துத்தான்) இதே பிரச்சினைக்கு வேறு விதமாக வழி கண்டிருந்தார்கள். வண்டித் தட்டில் வைக்கோலைத் திணித்துப் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரிப்பார்கள். வைக்கோல் தானே பள்ளத்தைத் தேடிப் போய் நிரப்பிக்கொள்ளும். ஆள் ஏறி உட்கார்ந்தால் உடம்புக்கு ஏற்றபடி அமுங்கிக்கொள்ளும். ஊர் போய்ச் சேர்ந்ததும் அதையே மாடு தின்னும்! பிளைவுட்டை யாரும் தின்ன முடியாது :-)

முதல் பலகை தோற்றுப்போனது. இரண்டு சம துண்டுகளாகச் செய்து நடுவில் சேர்த்திருந்தார் தச்சர். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் நடு என்பது மனித உடம்பில் இடுப்பு வரும் இடம். படுக்கிறவனின் எடையில் பெரும்பகுதி அங்கேதான் இறங்கும். விடியும்போது சேர்ப்பில் ஒரு அங்குலப் பள்ளம் விழுந்திருந்தது. அடுத்த மாதம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது தச்சர் கோபித்துக்கொள்ளவில்லை, பலகையில் இவரைப் படுக்கச் சொல்லிச் சாக்பீஸால் கோடு போட்டார். தோளுக்கு ஒரு கோடு, இடுப்புக்கு ஒன்று, முழங்காலுக்கு ஒன்று. இப்போது மூன்று துண்டுகள். சேர்ப்புகள் நெஞ்சுக்குக் கீழும் முழங்காலுக்குக் கீழும் வரும். இடுப்பு முழுத் துண்டின் நடுவில்.

12 மில்லிமீட்டர் பிளைவுட் போதும் என்றார். இவருக்கு நம்பிக்கையில்லை, 18 போடலாமே என்றார். அதற்குத் தச்சர் சொன்ன பதில் இயற்பியல் புத்தகத்தில் இருக்கிற பதில்தான், அவர் அதைப் படித்திருக்கவில்லை என்பது மட்டும் வித்தியாசம். பலகை தொய்வது அதன் கனத்தைப் பொறுத்தது மட்டுமில்லை, அடியில் இருக்கும் தாங்கு கட்டைகளுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்பதையும் பொறுத்தது. அந்தத் தூரத்தைப் பாதியாக்கினால், அதே எடைக்குத் தொய்வு எட்டில் ஒரு பங்காகிவிடும். கனமான பலகை வாங்குவதைவிட அடியில் இன்னும் இரண்டு ரீப்பர் கட்டை அடிப்பது மலிவு, லேசும்கூட. இப்படிச் செய்த மூன்று துண்டும் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு கிலோதான். ஒவ்வொன்றிலும் கை நுழைய ஒரு ஓட்டை. கால்களுக்கு அடியில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டினார், கிரீச் சத்தம் வராமலும் நழுவாமலும் இருக்க. ஜாக்கி வைத்திருக்கும் மூலையை மட்டும் மூடாமல் விட்டார். ராத்திரி பஞ்சரானால் படுக்கையைப் பிரித்துக்கொண்டு நிற்கக்கூடாதே.

வேலை முடிந்ததும் மூன்றும் கடைசி சீட்டுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும். ஒரு நைலான் பெல்ட்டால் இழுத்துக் கட்டிவிட வேண்டும். இந்தக் கட்டு முக்கியம். திடீரென்று பிரேக் போட்டால் கட்டாத பலகை முன்னால் பாயும். அதற்கு நேர் எதிரே கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவரின் பின்மண்டை இருக்கிறது.

மெத்தை விஷயத்தில் இரண்டு முறை பணம் வீணானது. சாதாரண நுரை ஷீட் வாங்கினார், தோளும் இடுப்பும் அமுங்கிப் பலகையில் போய் முட்டின. வீட்டிலிருந்த இலவம் பஞ்சு மெத்தையைக் கொண்டுவந்தார், சுகமாகத்தான் இருந்தது, ஆனால் சுருட்டினால் ஒரு ஆள் உட்காரும் இடத்தை அடைத்துக்கொண்டது. கடைசியில் இரண்டு அங்குல ரப்பர் கலந்த தேங்காய் நார் மெத்தையைப் பலகை அளவுக்கே மூன்றாக வெட்டி உறை தைத்துக்கொண்டார். அதன்மேல் வந்தவாசிக் கோரைப்பாய். அதே மாவட்டத்துச் சரக்கு. சித்திரை மாத ராத்திரியில் ரெக்சின் உறையில் நேராகப் படுத்துப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாயின் அருமை தெரியும்.

நீளம் மட்டும் அரை அடி போதவில்லை. முன் சீட்டை இன்னும் முன்னால் தள்ளிக் கொஞ்சம் மீட்டார். மிச்சத்துக்கு முழங்காலை லேசாக மடக்கி ஒருக்களித்துப் படுத்துக்கொள்கிறார். கால் தொங்காமல் இருக்கிறதே, அதுவே போதும்.

கால் தொங்காமல் இருப்பது வெறும் சொகுசு இல்லை. ஜப்பானில் 2004-ல் நீகாட்டா பகுதியிலும், 2016-ல் குமமோட்டோவிலும் நிலநடுக்கம் வந்தபோது, வீட்டுக்குள் போகப் பயந்து ஏராளமானவர்கள் கார்களில் தூங்கினார்கள். அவர்களில் சிலருக்குக் காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டது. சிலர் இறந்தும் போனார்கள். நீண்ட விமானப் பயணத்தில் வரும் அதே வியாதிதான். மணிக்கணக்கில் காலைத் தொங்கவிட்டு, அசையாமல் உட்கார்ந்தபடி தூங்கினால் வருவது. உட்கார்ந்தே இருபது வருஷம் சம்பாதித்த ஒருவருக்கு நான்கு மணி நேரமாவது காலும் இதயமும் ஒரே மட்டத்தில் இருந்தால் நல்லதுதானே.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். படுக்கை சரியாக அமைந்ததும் அடுத்த ஆசை ஏசி. இன்ஜினை ஓடவிட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்கலாமே என்று தோன்றும். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே கசிந்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூங்குகிறவன் எழுந்திருக்கவே மாட்டான். பௌர்ணமி நிலத்தில் வண்டிகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். உங்கள் இன்ஜின் நின்றிருந்தாலும் பக்கத்து வண்டியின் சைலன்சர் உங்கள் ஜன்னலுக்கு நேராக இருக்கலாம். இவர் இன்ஜினை நிறுத்திவிட்டு, நடு ஜன்னல்கள் இரண்டையும் நான்கு விரல் இறக்கி, கொசுவலைத் துணியைக் காந்தத்தால் ஒட்டிவிட்டுப் படுக்கிறார். தலை அந்த ஜன்னல் பக்கம். சாய்வான இடமென்றால் தலைப்பக்கம் மேட்டில் இருக்கும்படி வண்டியைத் திருப்பி நிறுத்துவார். தண்ணீர் பாட்டிலைப் பலகையில் படுக்கவைத்தால் எந்தப் பக்கம் உருளுகிறது என்று தெரிந்துவிடும், ரசமட்டம் தேவையில்லை.

பலகை, ரீப்பர், கூலி, மெத்தை, உறை, வீணான நுரை ஷீட் எல்லாம் சேர்த்து 3,600 ரூபாய் ஆனது. ஐந்து வருஷம் உழைக்கும் என்று வைத்துக்கொண்டால், வருஷத்துக்குப் பன்னிரண்டு பௌர்ணமி வீதம் அறுபது ராத்திரிகள். நேர்கோட்டு முறையில் தேய்மானம் போட்டால் ஒரு ராத்திரிக்கு 60 ரூபாய். இறுதி மதிப்பு பூஜ்யம், அடுப்புக்கு ஆகும். அந்த 60 ரூபாய்க்குப் பௌர்ணமியன்று கோயில் பக்கம் ஒரு தலையணைகூடக் கிடைக்காது. இதை அவர் தன் வாடகையில் சேர்க்கவில்லை. சேர்த்திருக்கலாம். "டிரைவர் தூங்கியது – 60" என்று பில்லில் எழுதினால் எந்தக் குடும்பம் கொடுக்கும்? ஆனால் அந்தக் குடும்பத்தின் உயிருக்குத்தான் அந்தச் செலவு. கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவதென்று தெரியாத செலவுகள் இப்படிச் சில உண்டு.

போன ஆவணிப் பௌர்ணமிக்கு வந்த குடும்பத்தில் ஒரு பாட்டி. எழுபதைத் தாண்டியவர். நடக்க வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல் முழுச் சுற்றும் நடந்துவிட்டு, இரண்டு மணிக்குக் கால் வீங்கித் திரும்பி வந்தார். கதவைத் தட்டியதும் இவர் எழுந்தார். நான்கு மணி நேரத் தூக்கம். பாட்டி உள்ளே எட்டிப் பார்த்தார். பாய், தலையணை, விரித்த துப்பட்டி.

"ஏம்பா, நான் இதுலயே படுத்துக்கறேனே. ஊர் வர்ற வரைக்கும்."

மகனும் அதையே சொன்னார். மற்றவர்கள் நெருக்கி உட்கார்ந்துகொள்வார்களாம். பாட்டியின் காலைப் பார்த்தால் மறுக்க மனசு வராது. ஆனால் ஓடும் வண்டியில், பெல்ட் இல்லாமல், பலகைமேல் படுத்திருக்கும் ஒருவருக்கு ஒரு பிரேக் போதும்.

"வேணாம்மா. வண்டி நிக்கிற வரைக்கும்தான் இது படுக்கை. ஓட ஆரம்பிச்சா வெறும் பலகை."

மகனுக்குக் கொஞ்சம் முகம் சுருங்கியது. டிரைவர் தன் மெத்தையைக் கொடுக்க மாட்டேன் என்கிறான் என்று நினைத்திருக்கலாம். இவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. தலையணை உறையை உதறித் திருப்பிப் போட்டார். "ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுங்கம்மா. நாங்க டீ குடிச்சிட்டு வர்றோம். மூணு மணிக்குக் கெளம்பலாம்" என்றார்.

மூன்று மணிக்குப் பாட்டியை எழுப்பி, பாயைச் சுருட்டி, மூன்று துண்டுகளையும் பின்னால் நிறுத்தி, பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். செஞ்சியைத் தாண்டும்போது பின்னால் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.